உங்களுக்குத் தெரியுமா? தோப்புக்கும் தோட்டத்துக்கும் குறைந்த செலவில் காவல் கேமரா

கிணற்றடியில் மோட்டார் கேபிளை அறுத்து, உள்ளே இருக்கும் செம்புக்காக எரித்து எடுத்துப் போகிறார்கள். பட்டியில் அடைத்த ஆடு விடிவதற்குள் காணாமல் போகிறது. களத்தில் காயப்போட்ட கொப்பரை அளவு குறைகிறது. காவலுக்கு ஆள் வைத்துக் கட்டுப்படியாகாத சிறு விவசாயிக்கு, இன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் கேமரா உண்மையாகவே கைகொடுக்கும். எத்தனை கேமரா வாங்குகிறோம் என்பது பெரிய விஷயமல்ல. எந்த இடத்தில், எதைப் பார்க்க வைக்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. அதற்கு உதவும் தகவல்கள் இதோ.

வந்த வழி

● சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைப் பாடல்களில் பெண்கள் பரண் மேல் இருந்து தினைப்புனம் காக்கிறார்கள். கிளி ஓட்டத் தட்டை, குளிர், கவண் என்று தனித்தனிக் கருவிகள் வைத்திருந்தார்கள். உயரத்தில் இருந்து பார்ப்பது, சத்தம் எழுப்பி விரட்டுவது என்ற அந்த இரண்டு வேலைகளைத்தான் ஸ்பீக்கர் பொருத்திய இன்றைய கேமராவும் செய்கிறது.

● தொடக்ககால சிசிடிவி திருடனைப் பிடிக்க வந்ததல்ல. ஜெர்மனியின் பீனமுண்டே ஏவுதளத்தில் வி-2 ராக்கெட் கிளம்புவதை ஆபத்தில்லாத தூரத்தில் இருந்து பார்க்க, 1942ல் சீமென்ஸ் நிறுவனம் அமைத்தது அது. வடிவமைத்தவர் பொறியாளர் வால்டர் புருக். பதிவு செய்யும் வசதி அதில் இல்லை. யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

● வீட்டுக் காவல் கேமராவை முதலில் யோசித்தவர் ஒரு செவிலியர். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், மின்னணுத் தொழில்நுட்பரான கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் நான்கு துளைகள், அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, வாசலில் நிற்பவருடன் பேசும் வசதி, உதவிக்கு அழைக்கும் பொத்தான் என எல்லாம் அதில் இருந்தன.

● இணையத்துக்கு வந்த முதல் கேமரா காவல் காத்தது ஒரு காபி பாத்திரத்தை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க 1991ல் அதை வைத்தார்கள். 2001 ஆகஸ்டில்தான் அணைத்தார்கள்.

● கேமரா இவ்வளவு மலிவானதற்கு விண்வெளி ஆய்வும் ஒரு காரணம். விண்கலங்களுக்குச் சிறிய, குறைந்த மின்சாரம் குடிக்கும் கேமரா வேண்டும் என்று நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் 1990களில் எரிக் ஃபாசம் குழுவினர் சிமாஸ் சென்சாரை வளர்த்தெடுத்தார்கள். கைப்பேசி முதல் தோட்டத்துக் கேமரா வரை இன்று எல்லாவற்றிலும் இருப்பது அந்த வகைச் சென்சார்தான்.

இடமும் கோணமும்

● ஆள் நடமாட்டம் தெரிவது வேறு, ஆள் யார் என்று தெரிவது வேறு. ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2014 பதிப்பு இதற்குக் கணக்கு வகுத்தது. காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு 25 புள்ளிகள் விழுந்தால் ஆள் இருப்பது தெரியும். 125 விழுந்தால் தெரிந்த ஆளை அடையாளம் சொல்லலாம். முன்பின் தெரியாதவரின் முகத்தை உறுதி செய்ய 250 வேண்டும். 1080பி கேமராவில் குறுக்கே இருப்பவை 1,920 புள்ளிகள். 90 டிகிரி லென்ஸ் என்றால் 38 மீட்டர் தூரம் வரை ஆள் வருவது தெரியும். முகம் துலங்குவதோ 4 மீட்டருக்குள் மட்டும்! ஏக்கர் கணக்கில் பார்க்கும் கேமராவில் திருடன் ஒரு நிழலாகத்தான் விழுவான்.

● லென்ஸின் எண் கூடினால் பார்வை குறுகும், தூரம் கூடும். மலிவுக் கேமராக்களில் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி பார்க்கும். 6 மி.மீ. லென்ஸ் பாதியைத்தான் பார்க்கும். ஆனால் அதே 1080பியில் முகம் தெரியும் தூரம் சுமார் 8 மீட்டராகிவிடும். களத்துக்கு அகல லென்ஸ், கேட்டுக்கும் இட்டேரிக்கும் குறுகிய லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

● தோட்டம் முழுவதையும் காக்க வேண்டியதில்லை. மோட்டாரையோ ஆட்டையோ தூக்கிக்கொண்டு போகிறவர் ஏதாவது ஒரு பாதை வழியாகத்தான் வெளியேற வேண்டும். வண்டி நுழையும் இடம், வேலியில் ஆள் புகும் இடைவெளி, மோட்டார் ரூம் கதவு ஆகிய மூன்றையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

● மிக உயரத்தில் மாட்டிய கேமராவில் உச்சந்தலையும் தொப்பியும்தான் தெரியும். முகம் வேண்டும் என்றால் 2.5 முதல் 3 மீட்டர் உயரம் போதும். உடைத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், ஒன்றைத் தாழ்வாகவும் அதைப் பார்க்கும்படி இன்னொன்றை உயரத்திலும் வையுங்கள். முதல் கேமராவில் கை வைப்பவர் இரண்டாவதில் விழுவார்.

● கேமராவைக் கிழக்கு, மேற்கு பார்த்து மாட்டினால் காலையிலும் மாலையிலும் சூரியன் நேராக லென்ஸில் விழும். எதிரே நிற்பவர் கருப்பு உருவமாகத்தான் தெரிவார். இடம் அமைந்தால் வடக்கு நோக்கி மாட்டுவது நல்லது.

● தென்னை மரத்தில் ஆணி அடித்துக் கேமரா மாட்டாதீர்கள். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் எச்சரிக்கை ஒலிக்கும். அதைவிட முக்கியம், தென்னையின் காயங்களில்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். கேமராவுக்காக மரத்தை இழக்க வேண்டாம். பத்தடி ஜிஐ பைப் ஒன்றைக் காங்கிரீட்டில் நட்டால் போதும்.

● பெட்டியில் ஐபி66, ஐபி67 என்று போட்டிருப்பதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டிலும் தூசி அறவே நுழையாது. வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்குவது 66. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் முங்கினாலும் தாங்குவது 67. கேமரா உடம்புக்குத்தான் இந்த உத்தரவாதம். வெளியே தொங்கும் கேபிள் முனைக்கு அல்ல. முனைகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, துளைகளை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும்.

இருட்டில் என்ன நடக்கிறது?

● இரவில் கேமராவைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு. 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. மறைவாக இருக்க வேண்டிய இடத்துக்கு 940, தூரம் வேண்டிய இடத்துக்கு 850.

● தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். 10 மீட்டரில் பளிச்சென்று தெரிகிற முகம் 20 மீட்டரில் மங்குவது அதனால்தான். பெட்டியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் உருவம் தெரியும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

● கருப்புவெள்ளை இரவுப் பதிவை நம்பித் துணியின் நிறத்தைச் சாட்சி சொல்லக் கூடாது. அகச்சிவப்பில் கருப்புச் சட்டைகூட வெளுத்துத் தெரியலாம். பச்சை இலைகள் அந்த ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதால் தோப்பே வெண்மையாகத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் கேமராவில் கேட்கும் 'டிக்' சத்தம், பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி நகர்ந்து வழிவிடும் சத்தம்.

● இரவுக் கேமராவின் பெரிய எதிரி சிலந்தி. கேமராவின் வெளிச்சத்துக்கும் வெதுவெதுப்புக்கும் பூச்சிகள் வரும். பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும். வலை அசைந்தாலே கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும். அகச்சிவப்பு விளக்கைத் தனியாக வாங்கி நான்கைந்து அடி தள்ளி மாட்டி, கேமராவில் உள்ளதை அணைத்துவிட்டால் தொல்லை பெரிதும் குறையும். வாரம் ஒரு முறை துடைப்பது அதைவிடச் செலவில்லாத வழி.

● வண்டி எண்ணைப் பிடிக்க வேண்டும் என்று தனியாக ஒரு கேமரா வைத்தால், இரவில் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரியலாம். ஒளியைத் திருப்பி அனுப்பும் பிளேட் அகச்சிவப்பு முழுவதையும் கேமராவுக்கே அனுப்பிவிடுகிறது. வண்டி மெதுவாகப் போகும் கேட் வளைவில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் எண் தெரிய வாய்ப்பு உண்டு.

அசைவை அறிவது எப்படி?

● பேட்டரிக் கேமராக்களில் இருக்கும் பிஐஆர் சென்சார் அசைவைப் பார்ப்பதில்லை; வெப்ப வேறுபாட்டை உணர்கிறது. மனிதத் தோலின் வெப்பம் ஏறக்குறைய 33 டிகிரி. சித்திரை வெயிலில் பின்னால் இருக்கும் மண்ணும் சுவரும் அதே வெப்பத்துக்கு வந்துவிட்டால், ஆள் கடந்து போனாலும் சென்சார் பேசாமல் இருந்துவிடலாம். இரவில் இந்தக் குறை இல்லை.

● அதே சென்சார், குறுக்கே கடப்பவரை எளிதில் பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். எனவே பிஐஆர் கேமராவைப் பாதைக்கு நேராக வைக்காமல் சாய்வாக வையுங்கள்.

● பேட்டரிக் கேமரா பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். சென்சார் எழுப்பிய பிறகுதான் பதிவு தொடங்கும். அந்தச் சில நொடிகளில் ஆள் கடந்துவிட்டால் முதுகு மட்டும் பதிவாகும். கேட் கொண்டியைத் திறப்பது, பூட்டை ஆட்டிப் பார்ப்பது போல, வருபவர் சற்று நின்றாக வேண்டிய இடமே இதற்குச் சரியான இடம்.

● மின்சாரத்தில் ஓடும் கேமரா படத்தின் புள்ளிகள் மாறுவதை வைத்து அசைவை அறிகிறது. தென்னங்கீற்றின் நிழல் ஆடினாலும் அதற்கு அசைவுதான். செயலியில் 'மனிதர் மட்டும்' என்ற வசதி இருந்தால் போடுங்கள். கீற்று ஆடும் பகுதியைக் கட்டம் போட்டு விலக்குங்கள். இரவில் நாற்பது முறை பொய்யாக ஒலிக்கும் கேமராவை மூன்றாம் நாளே நீங்கள் மௌனமாக்கிவிடுவீர்கள். நிஜமாக ஆள் வரும் நாளும் அதில் கரைந்துபோகும்.

மின்சாரம்

● பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? கேமராவைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போக வரச் சேர்த்து ஏறக்குறைய 7 ஓம் தடை. அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அரை ஆம்பியர் ஓடினால் 3.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அனுப்பினால் சேர்வது எட்டரைதான். தடித்த ஒயர் போடுங்கள். அல்லது கேமராவுக்குப் பக்கத்திலேயே அடாப்டரை வையுங்கள்.

● சோலார் கணக்கு எளிது. இடைவிடாமல் ஓடும் 5 வாட் கேமராவுக்கு ஒரு நாளைக்கு 120 வாட் அவர் வேண்டும். நம் வெயிலில் ஒரு வாட் பேனல் நல்ல நாளில் நாலு வாட் அவர் தரும் என்று வைத்தால் 30 வாட் வரும்; வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் 40 வாட் பேனலுக்குக் குறையக் கூடாது. ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டால் 12 வோல்ட் பேட்டரியில் 30 ஆம்பியர் அவர் செலவாகும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுள் குறையும். ஆகவே 60 ஆம்பியர் அவர் பேட்டரி வேண்டும். பேனலைத் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்தால் போதும்.

● திருட வருபவர் முதலில் மெயின் சுவிட்சைத்தான் அணைப்பார். ரூட்டருக்கும் கேமராவுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று இருந்தால் அந்த நிமிடமும் பதிவாகும்.

● திறந்த வெளியில் நீளமாக இழுத்த செம்பு ஒயர் இடி மின்னலின் வீச்சை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடும். ஃபைபர் கேபிள் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நீண்ட தூரம் இருந்தால், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து ஃபைபர் இழுப்பதே பாதுகாப்பு. உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்பும் சேமிப்பும்

● நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர். பிஓஇ முறையில் அதே கேபிளில் மின்சாரமும் போகும். தனி ஒயர் வேண்டாம். 2003ல் வந்த முதல் தரத்தின்படி ஒரு கேபிளில் 15.4 வாட் வரை அனுப்பலாம். சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். எலியும் அணிலும் கடிக்காமல் இருக்கக் கேபிளைப் பிவிசி பைப்புக்குள் விடுங்கள்.

● வீட்டில் இருக்கும் இணையத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றடிக்குக் கம்பி இல்லாமல் கொண்டுபோகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற வைஃபை பிரிட்ஜ் ஒரு ஜோடி போதும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அதுவும் நேர்கோட்டில் மரத்தைத் தொட்டும் தொடாமலும் பார்த்தால் பற்றாது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி இரண்டு, மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். ஈர இலைகள் அலையை உறிஞ்சிவிடும். வெயிலில் சோதித்துத் திருப்திப்படாமல், மழை விட்டதும் ஒரு முறை சோதியுங்கள்.

● மலிவான வைஃபை கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இணையும். புதுக் கேமரா இணைய மறுத்தால் முதலில் ரூட்டரில் அந்த அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள்.

● நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 64 ஜிபி அட்டை மூன்று நாளில் நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கும். வாரம் ஒரு முறை மட்டும் தோட்டத்துக்குப் போகிறவர் திருட்டைக் கண்டுபிடிக்கும்போது அந்த நாளின் பதிவு போயிருக்கும். நீங்கள் போகாமல் இருக்கும் நாட்களைவிட அதிக நாள் தாங்கும் அட்டையைப் போடுங்கள். எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய பாதி இடம் போதும்.

● இதே கணக்கில், தினம் 2 ஜிபி தரும் சிம்மில் 24 மணி நேர நேரலை நடக்காது. 4ஜி கேமராவில் பதிவு அட்டைக்கும், எச்சரிக்கைப் படம் மட்டும் கைப்பேசிக்கும் போகும்படி அமையுங்கள். எந்த நிறுவன சிம் என்று முடிவு செய்யும் முன், கேமரா மாட்டும் கம்பத்தடியில் கைப்பேசியை வைத்து சிக்னல் பாருங்கள்.

● சாதாரண மெமரி கார்டு, ஓயாமல் எழுதி அழிப்பதற்கு ஏற்றதல்ல. கேமராவுக்கென்றே 'ஹை எண்டுரன்ஸ்' அட்டைகள் இருக்கின்றன. 128 என்று அச்சடித்து அதில் கால் பங்குகூட இல்லாத போலிகளும் சந்தையில் உண்டு. வாங்கியதும் கணினியில் முழுக்க நிரப்பி, திரும்பப் படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

● வீட்டில் கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனே கேமராவாகும். ஆல்ஃபிரெட் போன்ற செயலியைப் போட்டு மோட்டார் ரூம் ஜன்னலுக்குள் வைத்தால் செலவே இல்லை. எப்போதும் சார்ஜில் இருந்தால் பேட்டரி உப்பும் ஆபத்து உண்டு. நேரக்கட்டுப்பாட்டு பிளக் போட்டு, அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

● வெவ்வேறு கம்பெனிக் கேமராக்களை ஒரே ரெக்கார்டரில் சேர்க்க முடியுமா? பெட்டியில் ஆன்விஃப் என்று இருந்தால் முடியும். 2008ல் ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம் அது.

● திருடன் கேமராவை விட்டுவிட்டு ரெக்கார்டர் பெட்டியைத் தூக்கிப் போவதும் நடக்கும். அதைக் கேமரா இருக்கும் கட்டடத்தில் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். முக்கியமான ஒரு கேமராவின் பதிவாவது கிளவுடுக்குப் போகட்டும்.

பூட்டும் சட்டமும்

● 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் இணையத் தாக்குதலால் முடங்கின. தாக்குதலுக்குப் பயன்பட்ட 'மிராய்' என்ற நச்சு நிரல் கேமராக்கள், டிவிஆர்கள், ரூட்டர்கள் வழியாகப் பரவியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாததே அதற்கு வாசல். கேமராவை மாட்டும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாட்ட வந்தவரிடமும் அது இருக்க வேண்டாம்.

● 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த இணையப் பாதுகாப்புச் சோதனைகளில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பெயர் தெரியாத கேமராவை மலிவு என்று அள்ளுவதற்கு முன் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

● பதிவு இருந்தால் மட்டும் வழக்கு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழும் தர வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோ சுருங்கிப்போன நகல். மூல அட்டையை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதே அட்டையில் மறுபடி பதிய விடாதீர்கள்.

● இணையம் இல்லாத கேமராவின் கடிகாரம் நாளடைவில் விலகும். மின்சாரம் போய் வந்தால் சிலவற்றில் பழைய தேதிக்கே போய்விடும். தவறான நேரம் காட்டும் பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வி கேட்பார். மாதம் ஒரு முறை நேரத்தைச் சரிபாருங்கள்.

● தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் உடை மாற்றும் இடம், குளிக்கும் தொட்டி, கழிப்பறைப் பக்கம் ஆகியவை கேமராவில் விழவே கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இருக்கட்டும், நம் நிலத்தில் உழைப்பவரின் மரியாதையைக் காப்பது நம் கடமை. கேமரா இருக்கும் இடங்களை வேலையாட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

● அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் மட்டும் முடிவெடுத்துக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்க முடியாது. உடன் வசிப்பவர்களின் சம்மதம் வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025ல் தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து வாசலை நோக்கியும் கேமராவைத் திருப்பாதீர்கள்.

● கேமரா வைத்தால் திருட்டு குறையுமா? 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் வெளியான மதிப்பீட்டின்படி, கேமரா உள்ள இடங்களில் குற்றம் ஏறக்குறைய 13 சதவீதம் குறைந்தது. அதிகப் பலன் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில். கேமராவோடு வேறு தடுப்பு ஏற்பாடுகளும் சேர்ந்த இடங்களில் பலன் கூடியது. நல்ல பூட்டும், வேலியும், விளக்கும் இல்லாத இடத்தில் கேமரா மட்டும் அதிசயம் செய்யாது.

நான்கு கால் விருந்தாளிகள்

● ஆள் இல்லாமல் விலங்கைப் படம் பிடிக்கும் கலை நூறாண்டைக் கடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைரஸ், விலங்கு கம்பியை இடறியதும் ஃபிளாஷ் வெடித்துப் படம் எடுக்கும் பொறியை அமைத்தார். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. இந்தியக் காடுகளில் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் அதே முறையில் 1920களில் புலிகளைப் படம் பிடித்தார்.

● இந்தியாவின் 2018 புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் குவிந்தன. உலகின் மிகப் பெரிய கேமராக் கணக்கெடுப்பு என்று கின்னஸில் பதிவானது. அங்கே பயன்படுவது போன்ற டிரெயில் கேமராவை இப்போது நாமும் வாங்கலாம். கம்பி வேண்டாம், இணையம் வேண்டாம்; பேட்டரிக் கட்டைகளில் வாரக்கணக்கில் ஓடும். நிலக்கடலையைத் தோண்டுவது பன்றியா, முள்ளம்பன்றியா என்று ஒரே இரவில் தெரிந்துவிடும்.

● கோவை மதுக்கரை அருகே, நவக்கரையில் 2021 நவம்பர் 26 இரவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அந்தப் பாதையோரம் 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் பொருத்தப்பட்டன. யானை தண்டவாளத்தை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு கண்டறிந்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் சொல்கிறது. கேமரா உயிரையும் காக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இது.

● காடு ஒட்டிய நிலம் உள்ளவர்கள் கேமராவைத் தங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் போய் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். யானையோ சிறுத்தையோ பதிவானால் விரட்டப் புறப்படாமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். இடத்தைக் குறிப்பிட்டுச் சமூக வலைத்தளத்தில் போடவும் வேண்டாம்.

● கேமரா வந்ததால் நாயை விட்டுவிடாதீர்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. நடந்ததைக் காட்டுவது கேமரா. நடக்கும் முன் குரைப்பது நாய். இரண்டும் இருக்கட்டும்.

இன்றே செய்யுங்கள்

பத்துக் கேமராவுக்குக் கடன் வாங்க வேண்டாம். ஒன்றே ஒன்று வாங்கி, வெளியேறும் பாதையில் மாட்டுங்கள். அமாவாசை இரவில் வீட்டு ஆள் ஒருவரை அந்தப் பாதையில் நடக்கவிட்டு, பதிவில் முகம் தெரிகிறதா, நேரம் சரியா, எச்சரிக்கை கைப்பேசிக்கு வந்ததா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் இரண்டாவது கேமராவை வாங்குங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு, ஊர்ப் பாதைக்குப் பொதுவாக ஒன்று வைக்க முடியுமா என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் பேசுங்கள். உழைத்துச் சேர்த்த பொருளைக் காக்க இந்தச் செலவு வீண் போகாது.